ஒத்தைத் தையல்

கடைக்காரர் சாப்பிடப் போயிருக்காரு தம்பி. நாலு மணிக்கு மேலதான் வருவாரு. நானும் அவருக்குத்தான் காத்துக் கெடக்கேன். இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க. தையல் மிஷின் தலையக் கீழ வைங்க, அந்தக் கனத்தை எவனும் தூக்கிட்டு ஓட மாட்டான். என்ன கோளாறு? நூல் அறுக்குதா? பாபின் கேஸ்ல பிசிறு அடைச்சிருக்கும், கழட்டித் துடைச்சாலே சரியாயிரும். யாரு தைக்கிறது, வீட்டம்மாவா? ம். தைக்கட்டும், தைக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல.

நானும் டெய்லர்தான். ஜெயக்கொடின்னு பேரு. எங்க ஊரு உசிலம்பட்டி தாண்டி உள்ள போகணும். பேண்ட், சட்டை. போலீஸ்காரர்ல இருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் நம்மகிட்டதான் தைப்பாங்க. ஒருத்தர ஒரு தடவ அளவெடுத்தா மறுதடவ டேப்பத் தொடமாட்டேன், ஆளப் பாத்தே துணிய வெட்டிருவேன். பெருமைக்குச் சொல்லல தம்பி. பெருமைப்படுற நெலமையில இப்ப நான் இல்ல.

இந்தக் கம்பியத் தள்ளி விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். சும்மாவே குடுத்துருவேன். வீட்டுல இது இருக்கக்கூடாது, அம்புட்டுத்தான். இந்தாங்க, பாருங்க. என்னன்னு தெரியுதா? தெரியாது. எனக்கே தெரியாமத்தான் இருந்துச்சு.

ஒரு மடத்துல கன்னியாஸ்திரிங்க தையல் வகுப்ப மூடுனப்ப, பழைய மிஷின் ஒண்ணு எடுத்துப் போட்டேன், என் வீட்டுக்காரிக்காக. பட்டன் கட்டவும் காஜா எடுக்கவும் கூட ஒரு ஆளு வேணும்ல. அந்த மிஷினோட ஒரு பிஸ்கட் டப்பா வந்துச்சு. டப்பா நெறைய மிஷினுக்கு மாட்டுற சாமான். மடிப்புத் தைக்கிறதுக்கு ஒண்ணு, ஜிப் தைக்கிறதுக்கு ஒண்ணு, அதுக்குள்ள இதுவும் கெடந்துச்சு. கவட்டை கணக்கா ரெண்டு கால், ஒரு முனையில வளைஞ்சு சேந்திருக்கு. நான் இத வச்சு என்ன பண்ணேன் தெரியுமா? முதுகு சொறிஞ்சேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ரொம்ப நாள் என் மிஷினுக்குப் பக்கத்துல ஆணியில இது தொங்குச்சு. முதுகுக்கு நல்லா வாகா இருக்கும்.

இந்திராணிதான் கண்டுபிடிச்சா. இந்திராணி எம் பொண்டாட்டி. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுத் தலைய சாய்ச்சு எந்திரிக்கிறேன், அவ இந்தக் கம்பியோட ரெண்டு காலுலயும் நூலைச் சுத்தி ஊசிக்கு அடியில குடுத்து வச்சிருக்கா. ரெண்டு காலுக்கும் நடுவுல தையல் ஓடுது. தைக்கத் தைக்கக் கம்பியத் தன் பக்கமா பைய இழுக்குறா. பின்னாடி வளையம் வளையமா வந்து விழுகுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எவனும் சொல்லிக் குடுக்கல அவளுக்கு. "என்னங்க, இது குஞ்சம் போடுற கம்பிங்க"ன்னா. "எனக்குத் தெரியும், வச்சிட்டுக் காஜாவப் பாரு"ன்னேன். தெரியாதுதான். தெரியாதுன்னு சொல்ல முடியுமா? முப்பது வருஷமா மிஷின் மிதிக்கிறவன்.

அதுல இருந்து புடிச்சது. லாரிக்காரங்க முன் கண்ணாடிக்கு மேல தொங்க விடுறதுக்கு வந்து கேட்டாய்ங்க. ஜல்லிக்கட்டு மாட்டுக்காரங்க கழுத்துக்குக் கேட்டாய்ங்க. வளைகாப்புப் பொண்ணு உக்கார்ற நாற்காலிக்கு ஒருத்தி கேட்டா. வர்றவன்லாம் கடைக்குள்ள தலைய நீட்டி "அக்கா இல்லையா?"ங்குறான். நான் அங்கதான் உக்காந்திருக்கேன் தம்பி, முன்னாடி, மிஷின்ல! போர்டுல என் பேரு பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்கு. ஊரே இந்திராணி கடைங்குது. வெறும் சட்டை தைக்கக் குடுக்க வந்தவன் கூட "இந்திராணி அக்கா கடை இதானே"ன்னு கேக்குறான். ஒரு ஆம்பளைக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. நீங்களும் உங்க வீட்டம்மாவ மிஷின்ல உக்கார வச்சிருக்கீங்க, அதான் சொல்றேன்.

நான் அவள ஒண்ணும் சொன்னதில்ல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. கம்பிய மட்டும் அப்பப்ப எடுத்து முதுகு சொறிவேன், அவ தேடட்டும்னு. அது வெளையாட்டு.

சரி, விஷயத்துக்கு வாரேன். இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்குப் புதுக்குடை. எப்பவும் மதுரையில இருந்துதான் வாங்கிட்டு வருவாங்க. இந்தத் தடவ கோயில் தலைவர் வீரணன், "நம்ம ஊர்லயே தைக்கலாம்ப்பா, நம்ம இந்திராணி இருக்கால்ல"ன்னுட்டாரு. குடைத் துணி தைக்கப் போறது யாரு? நான். பட்டுத் துணிய பன்னெண்டு பட்டையா வெட்டி, கம்பிக்குக் கம்பி இழுவை பிசகாமத் தைக்கிறது சின்ன வேலையில்ல. ஆனா பேரு யாருக்கு? ஓரத்துல குஞ்சம் வைக்கிறவளுக்கு. சரி, சாமி காரியம்னு விட்டுட்டேன்.

குஞ்சம் மஞ்சளும் வெள்ளையும். வழுவழுன்னு இருக்குற பட்டு நூல். அவ நாடாவுல வளையம் வளையமா ஓட்டி, குடை ஓரம் பூராவும் சுத்தி வச்சுட்டா. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்த நேரம் பாத்து அவ அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, சோறு கொண்டு போகணும்னு கெளம்புனா. கெளம்பும்போது என்னமோ சொன்னா. பொம்பளைங்க கெளம்பும்போது ஆயிரம் சொல்லுவாங்க, அடுப்பப் பாருங்க, ஆட்டைப் பாருங்கன்னு.

அவ போன செத்த நேரத்துல வீரணன் வந்தாரு. "எங்கப்பா இந்திராணி? குடை முடிஞ்சுதா?"ன்னாரு. நான் "வாங்க, உக்காருங்க"ன்னேன். உக்காரல. "அவ வரட்டும், அவகிட்டயே கேட்டுக்கிறேன்"னு செருப்ப மாட்டுறாரு. என் கடை தம்பி. என் கடையில நின்னுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எதுக்கு அவ? முடிஞ்சிருச்சு, எடுத்துட்டுப் போங்க"ன்னேன். "குஞ்சம் வளையமா இருக்கே, தொங்கலா வரலையே"ன்னாரு. "இப்ப வரும் பாருங்க"ன்னு கத்தரிய எடுத்து, அவரு கண்ணு முன்னாடி, ஒரே வீச்சுல குடையச் சுத்தி அத்தனை வளையத்தையும் நறுக்கிவிட்டேன். எப்படி விரிஞ்சு விழுந்துச்சு தெரியுமா? மழை மாதிரி. "அடேயப்பா, நீயும் கைகாரன்தான்யா"ன்னாரு. நீயும்னாரு. இருந்தாலும் சொன்னாருல்ல.

அது தப்பா? குஞ்சம்னா நறுக்குனாத்தான் குஞ்சம். நூல்தான் மட்டம். நான் அன்னைக்கே நெனச்சேன், இந்த நூல் வழுக்குதேன்னு. காத்தும் அன்னைக்கு பலமா இருந்துச்சு.

என்ன ஆச்சா? சொல்றேன். போன செவ்வாக்கிழமை அம்மன் புறப்பாடு. கொட்டு முழங்குது, சப்பரம் தெருவுக்குள்ள வருது, குடை பிடிக்கிற பய கொட்டுச் சத்தத்துக்குக் குடையச் சுழட்டுவான். அது எங்க ஊரு வழக்கம், கோயில் வாசல்லயும் நாலு முக்குலயும் குடைய நல்லா சுழட்டணும். அவன் சுழட்டுறான். மொத ஒரு நூல் பறந்துச்சு. அப்புறம் கொத்துக் கொத்தா. ஆளுங்க தலையில, கொட்டு மேல, அம்மன் மூஞ்சியில. பூசாரி தட்டுல விழுந்து கற்பூரத்துல சுருசுருன்னு எரியுது. சின்னப் பிள்ளைக எல்லாம் சிரிச்சுக்கிட்டுப் பொறுக்குதுக. முக்கு திரும்புறதுக்குள்ள குடை மொட்டையா நின்னுச்சு. வெறும் நாடா தொங்குது.

கொட்டு நின்னு போச்சு. அத நெனச்சா இப்பவும் எனக்குத் தலை நிமிர மாட்டேங்குது.

அப்ப கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பள சொல்றா. "தீட்டுக் கை பட்டிருக்கு"ன்னு. அடுத்தவ "ஆமா, அதான் ஆத்தா உதறிட்டா"ங்குறா. இந்திராணி மாவிளக்குத் தட்டோட அங்கதான் நிக்கிறா. பக்கத்துல நின்ன பொம்பளைங்க பைய வெலகுனாங்க. யாரும் தள்ளல, யாரும் திட்டல, வெலகுனாங்க, அம்புட்டுத்தான். அவளச் சுத்தி வட்டமா எடம் விழுந்துருச்சு. அந்த எடத்துக்குள்ள அவ மட்டும் தட்டோட நிக்கிறா.

நான் கொட்டுக்காரங்க பக்கத்துல நின்னேன். அவ என்னைப் பாத்தா. ஒரு தடவதான் பாத்தா.

நான் என்ன தம்பி செய்ய முடியும்? பொம்பளைங்க விஷயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்களும் கல்யாணம் ஆனவருதான், சொல்றேன். அவளுக்கு அது நின்னு ரெண்டு வருஷமாச்சு. தீட்டாவது ஒண்ணாவது. ஆனா இத நடுத்தெருவுல, கொட்டுக்காரன், தலைவர், வாத்தியார் எல்லாம் நிக்கிற எடத்துல, ஒரு புருஷன் வாயத் தொறந்து சொல்ல முடியுமா? என் பொண்டாட்டி உடம்பப் பத்தி ஊர்க்காரங்களுக்கு நான் விளக்கம் சொல்லணுமா? அவளும் சொல்லல. எப்படிச் சொல்லுவா? அவ மானம்னு நெனச்சுத்தான் நான் வாயத் தொறக்கல. அவளுக்காகத்தான்.

வீட்டுக்கு வந்தோம். குடையில இருந்து அறுந்து தெருவுல கெடந்த நாடாத் துண்டு ஒண்ண அவ பொறுக்கிட்டு வந்திருந்தா. அத மடிச்சு, என் மிஷின் ஊசிக்கு அடியில வச்சா. எதுக்கு அங்க வச்சான்னு தெரியல. நானும் கேக்கல. காலையில போய் உக்காந்தா, அது அங்கேயே இருக்கு. எடுக்கவும் மனசு வரல, அத வச்சுக்கிட்டுத் தைக்கவும் முடியல. அன்னையில இருந்து மிஷினையே தொடல நான்.

கோயில்ல பேசி முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவ தலையோட தண்ணி ஊத்தி, ஈரச் சேலையோட வந்து, கோயில் வாசல்ல விழுந்து கும்பிட்டு, ஆத்தாகிட்டயும் ஊருகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். இனிமே கோயில் துணியத் தொடக்கூடாது. வீரணன் நல்ல மனுஷன், அவரு வந்து என்கிட்ட, "ஜெயக்கொடி, மனசுல வச்சுக்காதப்பா, ஊரு வாய அடைக்கணும்ல"ன்னாரு. நான் "சரிங்க"ன்னேன்.

ஆமா, இன்னைக்குத்தான். நாலரை பஸ்ஸுக்குக் கெளம்புனாத்தான் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியும். தெரியுது. ஆனா கடைக்காரர் வரணுமே? இந்தக் கம்பிய அவருகிட்டக் குடுக்காமப் போக முடியுமா? அதுக்குத்தானே இம்புட்டுத் தூரம் வந்தேன். எல்லாத்துக்கும் காரணம் இந்தச் சனியன்தான்.

என்ன தம்பி? என்ன கேக்குறீங்க?

போகும்போது என்ன சொல்லிட்டுப் போனாளா? அதான் சொன்னேனே, என்னமோ சொன்னா. அடுப்பு, ஆடு. நீங்க என்ன போலீஸ்காரர் கணக்கா குறுக்கக் குறுக்கக் கேக்குறீங்க.

இன்னொரு தையல் போடணும்னு சொன்னா. போதுமா? "இப்ப ஒத்தைத் தையல்தான் ஓடியிருக்கு, நான் வந்து மடிச்சு ரெண்டாவது தையல் போட்டாத்தான் நூல் நிக்கும், அதுவரைக்கும் வளையத்துல கை வச்சிராதீங்க"ன்னு சொன்னா. வளையமா இருக்குற வரைக்கும் நூல் ஒரே நூலு, எங்கயும் போகாது. நறுக்கிட்டா ஒவ்வொண்ணும் தனி. பட்டு நூலு, ஒத்தைத் தையல்ல நிக்குமா? உருவிட்டு வந்துரும். இது எந்த டெய்லருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கத்தரிய எடுக்கும்போதும் தெரியும். ஆனா அவரு செருப்ப மாட்டிட்டாரு தம்பி. அவ வரட்டும்னுட்டாரு.

ஆஸ்பத்திரியில இருந்து வந்து கேட்டா. "குடை எங்கங்க?"ன்னா. "தலைவர் எடுத்துட்டுப் போயிட்டாரு"ன்னேன். "ரெண்டாவது தையல்?"ன்னா. "போட்டாச்சு"ன்னேன். "நீங்களா?"ன்னா. "ஏன், எனக்குத் தைக்கத் தெரியாதா?"ன்னேன். அவ சிரிச்சா. அவளுக்குச் சந்தோஷம். நான் அவ வேலையில கை குடுத்துட்டேன்னு சந்தோஷம். அன்னைக்கு எனக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சா.

அந்த நாடாவுல ஒரு தையல்தான் இருக்கு. அதான் ஊசிக்கடியில வச்சிருக்கா. தெரியுது, எதுக்கு வச்சான்னு எனக்குத் தெரியுது. தெரியலைன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம். சொல்லு. மதுரையிலதான். கடைக்காரர் இன்னும் வரல. சாப்பிட்டேன். சாப்பிட்டேன்னு சொல்றேன்ல. சரி, சாப்பிடல, இனிமே சாப்பிடுறேன். என்ன? ம். ம். இல்ல, நாலரை பஸ்ஸு. ஏன்? வேண்டாமா? ஏன் வேண்டாம்? ம்.

இந்திராணி. இந்திராணி, கொஞ்சம் இரு.

வச்சுட்டா.

என்னைய வர வேண்டாங்குறா தம்பி. "கூட்டத்துக்கு நீங்க வராதீங்க, வந்தா மனசு கேக்காம எதையாவது உளறி வச்சிருவீங்க"ங்குறா. நான் உளறிருவேன்னு நெனக்கிறா. இந்த வாயிலிருந்து உண்மை வந்துரும்னு அவ பயப்படுறா. நான் இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ என்னைய அம்புட்டு நல்லவனா நெனச்சு வச்சிருக்கா.

"தீட்டுன்னே இருக்கட்டுங்க"ங்குறா. "நான் விழுந்து எந்திரிச்சுட்டு வந்துருவேன், நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. ஜெயக்கொடிக்குத் தைக்கத் தெரியலைன்னு ஊர்ல பேரு வந்துச்சுன்னா அது போகாதுங்க. நீங்க எப்படித் தலை நிமிந்து உக்காருவீங்க அந்த மிஷின்ல?"ங்குறா. அப்புறம் சாப்பிடுங்கன்னுட்டு வச்சுட்டா.

தண்ணி இருக்கா தம்பி? குடுங்க.

இல்ல, அழுகல. வெயிலு.

நான் இத்தனை நாளா என்ன நெனச்சேன்னா, அவளக் காப்பாத்தணும்னா அவ உடம்பப் பத்தி ஊர்ல பேச வேண்டி வரும், அது அவளுக்கு அசிங்கம், அதான் பேசாம இருக்கேன்னு. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், தூங்குறதுக்கு முன்னாடி எல்லாம். இப்ப உங்ககிட்டச் சொல்லும்போதுதான் தெரியுது. அவளுக்கு நின்னுச்சா நிக்கலையான்னு எவனுக்கும் எதுக்குச் சொல்லணும்? அது தேவையே இல்லையே. நறுக்குனது நான். அம்புட்டுத்தானே? ரெண்டு வார்த்தை. வீரணனே பக்கத்துல நின்னு பாத்தாரு, அதனாலதான் நூல் உருவுச்சுன்னு அவருக்குத் தெரியாது, அம்புட்டுத்தான். அவ பேச்சையே எடுக்க வேண்டியதில்ல. அவ மானமும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் பாத்ததெல்லாம் என் மானத்தைத்தான்.

சிரிப்பாய்ங்க. "முப்பது வருஷ டெய்லர், பொண்டாட்டி வேலையக் கெடுத்துட்டான்"னு சிரிப்பாய்ங்க. போலீஸ்காரரு வேற கடைக்குப் போயிருவாரு. போகட்டும்.

அந்தக் கம்பியக் குடுங்க. குடுக்கல, யாருக்கும் குடுக்கல. அது அவளோடது. மறுபடி குடைக்குக் குஞ்சம் வைக்கணும்ல, அவதான வைக்கணும். கடைக்காரர் வந்தா ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டாருன்னு மட்டும் சொல்லுங்க. மணி என்ன? போயிரலாம். ஓடுனாப் புடிச்சிரலாம்.

ஒரு நிமிஷம் தம்பி. இந்தத் தெரு முக்கு வரைக்கும் போய் நின்னு சொல்லிப் பாக்குறேன். அங்க கூட்டம் அந்தத் தூரம் நிக்கும், அவ வாசல்ல இருப்பா. அவ கீழ விழுகுறதுக்கு முன்னாடி சொல்லணும். விழுந்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்ல. சத்தம் வாசல் வரைக்கும் எட்டணும், அதான் ஒரு தடவ பாத்துக்கிறேன். நீங்க இங்கேயே இருங்க.

நறுக்குனது நான்தான்!

கேட்டுச்சா தம்பி?